கூப்பிடு தூரம்

கூப்பிட்டால் கடல் வருகிற ஊர் ஒன்று இருந்தது. இருந்தது என்றால் ராஜா காலத்தில் அல்ல, போன வருடம் வரைக்கும், உப்பளங்களைத் தாண்டி, பைபாஸ் ரோட்டுக்கு மேற்கே, நுழைவாயிலில் இரண்டு சிமெண்ட் டால்பின்களோடு அது இருந்தது. பெயர் பொன்மணல் நகர். பொன்னும் கிடையாது, மணலும் கிடையாது. உடைமுள் அடர்ந்த களிமண் பொட்டலைக் கிப்சன் என்கிற மனை வியாபாரி வளைத்துப் போட்டு, கல் நட்டு, வெள்ளையடித்து, டால்பின் வைத்தான், அவ்வளவுதான். டால்பின்களில் ஒன்றுக்கு வாய் கோணல். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்குத் தன் வீட்டுக்காரர் தாசன் சமாதானம் சொல்லும்போது வைத்துக்கொள்கிற முகம் ஞாபகம் வரும்.

தாசன் பேங்க்கில் வேலை பார்த்தவர். மாற்றல் வந்த ஊருக்கெல்லாம் முதலில் அவர் போய் வீடு பார்ப்பார், பின்னால் ஜெசிந்தா சட்டி பானைகளோடு போய் இறங்குவாள். சாத்தூரில் பட்டாசு குடோனுக்குப் பின்னால் ஒரு வீடு, ஆரணியில் ஓடைக்கு மேல் ஒரு வீடு, தர்மபுரியில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவர் மூக்கில் முட்டுகிற ஒரு வீடு. எல்லா வீட்டுக்கும் அவர் சொன்ன சிபாரிசு ஒன்றேதான்: "பக்கத்துலதான் ஜெசி, எல்லாமே பக்கத்துலதான்." யாருக்குப் பக்கம் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதை நினைத்தால்தான் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருடமாக அவள் அடுப்படியில் நிற்க, ஹாலில் இருந்து அந்தக் குரல் வந்தது, ஜெசி காபி, ஜெசி துண்டு, ஜெசி என் கண்ணாடிய எங்க வச்ச. அதில் அதட்டல் இருக்காது, கோபம் இருக்காது, வந்துவிடுவாள் என்பதில் சந்தேகமே இல்லாத ஒரு குரல், அந்தச் சந்தேகமின்மைதான் அவளை அரித்துத் தின்றது.

ஆகவே ரிட்டயர் ஆனதும் சொந்த வீடு என்று பேச்சு வந்தபோது அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். நடந்து போகிற தூரத்தில் கடல் இருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், தன் காலால் நடந்து கடலுக்குப் போய், யாருடைய குரலும் எட்டாத இடத்தில் நின்றுவிட்டு, தன் காலால் நடந்து திரும்ப வேண்டும். தங்கம் கேட்கவில்லை, கார் கேட்கவில்லை. "சரி, எங்கேன்னு நீயே சொல்லு, நான் வாயே திறக்கல" என்று பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்திருந்த சமயம் அவர் முன்னாலேயே தாசன் வாக்குக் கொடுத்தார். சாமியார் அதற்குச் சாட்சியாக ஒரு முறுக்கைக் கடித்தார்.

அவள் தேடினாள். நகரத்துக்குத் தெற்கே போனால் துறைமுகத்துக் கரித்தூசி, கொடியில் போட்ட வெள்ளைச் சேலை மாலைக்குள் கறுத்துக் கன்னியாஸ்திரி உடுப்பாகிவிடும். வடக்கே போனால் பணக்காரர்கள் கெஸ்ட் ஹவுஸ் கட்டிக் கடலுக்கே கம்பிவேலி போட்டிருந்தார்கள். கடைசியில் அவள் சிலுவைத்தாழைக்குப் போனாள். கடலில் மீன்பிடிக்கிறவர்களின் ஊர் அது, மூன்று தெரு, ஒரு மாதா கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு டீச்சரின் ஓட்டு வீடு விலைக்கு வந்திருந்தது. வாசற்படியில் நின்றாள். தெரு நேராகப் போய், ஒரு வளைவும் இல்லாமல், கடலில் முடிந்தது. பாதையில் இரண்டு ஆடுகளும் ஒரு வலைக்குவியலும் கிடந்தன. இதுதான், என்று ஜெசிந்தா சொன்னாள். முப்பது வருடத்தில் வீடு என்று ஒன்றைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"நல்லாருக்கு" என்றார் தாசன், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நல்லாத்தான் இருக்கு. மீன் வாடை கொஞ்சம். நம்ம ஆளுகன்னு யாரு இருக்கா இங்க? சரி, யோசிப்போம்."

அவர் யோசிப்போம் என்றால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம் என்பதை அவள் அறிவாள். இருந்தும் வாக்கு வாக்குதான் என்று நம்பினாள், கான்வென்ட்டில் படித்த புத்தி.

அந்தக் கோடை முழுவதும் கிப்சனின் ஆட்டோ நகரத்தின் சந்துபொந்தெல்லாம் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. பொன்மணல் நகர், பொன்மணல் நகர், கடல் கூப்பிடு தூரம், பஸ் ஸ்டாண்ட் கூப்பிடு தூரம், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், கான்வென்ட் ஸ்கூல் கூப்பிடு தூரம், என்று பொழுது விடிந்ததிலிருந்து அடைவது வரைக்கும், பிணம் போகிற தெருவில்கூட நிறுத்தாமல், பூசை நேரத்தில்கூடக் குறைக்காமல், அது சொல்லிக்கொண்டே போனது. மண்ணுக்கும் காது உண்டு. ஒரே பொய்யை அத்தனை உறுதியாக அத்தனை தரம் காதில் போட்டால் நாமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோமோ என்று அதற்கும் தோன்றும்தானே. அப்படித் தோன்றிய ஒரு காலையில்தான் தாசன் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொன்மணல் நகருக்குப் போனார்.

கிப்சன் இளநீர் கொடுத்தான். "பாருங்க அண்ணாச்சி, கடல் கூப்பிடு தூரம்தான்."

"எங்க, கூப்பிட்டுக் காட்டும் பாப்போம்" என்றார் தாசன், பேங்க்கில் கடன் கேட்டு வந்தவர்களை மடக்கிப் பழகிய வாய்.

"நீங்களே கூப்பிடுங்களேன்."

தாசன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஜெசி காபி என்று சொல்வாரே, அதே தொனியில், கடலே, என்றார். கிழக்கே உடைமரங்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து வழிவிட, பைபாஸ் ரோடு பாயைப் போலச் சுருண்டு ஒதுங்க, உப்பளங்கள் மடிந்துகொள்ள, கடல் வந்தது. வந்து அவருடைய ஷூவை நனைத்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல நின்றது.

"அதான் சொன்னேன்ல அண்ணாச்சி" என்றான் கிப்சன், இளநீர்க் கூட்டை எறிந்துவிட்டு.

ஷூவுக்குள் ஒரு குட்டி நண்டோடு தாசன் வீட்டுக்குத் திரும்பினார். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்பதை ஜெசிந்தாவுக்கு அந்த நண்டுதான் முதலில் சொன்னது.

"வாக்குக் கொடுத்தீங்க."

"நீ கேட்டது கடல்தானே? கடலையே வாசலுக்குக் கொண்டுவந்துட்டேன். நடக்கவே வேண்டாம். வேற எந்தப் புருஷன் செய்வான்?"

"நான் கேட்டது நடக்கிறதுக்கு."

"மூட்டுவலிய வச்சுக்கிட்டு என்ன நடை ஜெசி" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்தார். அவள் அந்த நண்டைப் பிடித்து, முற்றத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, சோறு வடிக்கப் போனாள். வடிக்கும்போது கை சுட்டது. சுட்டதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பர்னால் எங்கே இருக்கிறது என்று அவளையே கேட்டிருப்பார்.

வீடு கட்டி முடிந்து பால் காய்ச்சினார்கள். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், கிழக்குப் பார்த்துப் பால் பொங்கியது, எல்லாம் முறைப்படி நடந்தது. ஹாலில் உறவுக்காரர்கள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். "ஜெசி, எல்லாருக்கும் பால் கொண்டா" என்று தாசன் குரல் கொடுத்தார். அவள் தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். ஹால் தெரிந்தது, ஆட்கள் தெரிந்தார்கள், ஆனால் நடந்தால் வரவில்லை. தரை நீண்டுகொண்டே போனது. அவள் நடந்தாள், சுவரோரம் தட்டை வைத்து இளைப்பாறினாள், மறுபடி நடந்தாள், தாகம் எடுத்தது, பசித்தது, சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் நடந்தாள். ஹாலில் இருந்தவர்களுக்கோ கூப்பிட்ட வாய் மூடுமுன் ஜெசிந்தா வந்து நின்றுவிட்டாள். டம்ளரில் மட்டும் பால் இல்லை. கெட்டித் தயிராக உறைந்திருந்தது.

"தயிரும் மங்களம்தான்" என்றார் சாமியார், சீனி கேட்டுக்கொண்டே. "நல்ல கட்டியா விழுந்திருக்கு" என்றாள் தாசனின் அக்கா. புதுவீட்டில் பால் காய்ச்சித் தயிர் கொடுப்பது அன்றிலிருந்து அந்தக் குடியிருப்பில் வழக்கமாகிப் போனது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இப்படித்தான் அந்த ஊர் எதையும் ஏற்றுக்கொண்டது. வாசலில் நின்று குரல் கொடுத்தால் பஸ் ஸ்டாண்ட் வந்து நின்றது, டிரைவர்கள் டீ கிளாஸோடு எட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டால் மருந்து வாடையோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலைக் கூப்பிட்டுப் பூசை கண்டுவிட்டு, லுங்கியோடே திரும்பி வந்து இட்லி தின்றார்கள். குடியிருப்போர் சங்கம் ஒன்று ஏற்பட்டது, தாசன் செயலாளர் ஆனார். மதியத் தூக்க நேரத்தில் யாரும் பஸ் ஸ்டாண்டைக் கூப்பிடக் கூடாது, ஹாரன் சத்தம். கல்லறைத் தோட்டத்தை விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைகள் கூப்பிடக் கூடாது. கடலைக் கூப்பிடுகிறவர்கள் வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட வேண்டும், கேட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது, கார் துருப்பிடிக்கிறது. இதெல்லாம் சங்கத்து விதிகள். நிலம் அளக்கிற அதிகாரி ஒருவர் புகாரின் பேரில் சங்கிலியோடு வந்தார். பைபாஸிலிருந்து கடற்கரை வரைக்கும் சங்கிலியை இழுத்துப் பார்த்தார், ஒரு முழம் மிச்சம் விழுந்தது. சங்கிலியைச் சுருட்டி ஜீப்பில் போட்டுவிட்டு, மூலை மனை ஒன்று அவரும் வாங்கிக்கொண்டார்.

தூரம் என்பது துடைத்தால் போய்விடுகிற அழுக்கா என்ன? ஒருவர் வாசலில் குறைந்தது இன்னொருவர் காலில்தான் ஏறும். கூப்பிடுகிறவருக்குப் பக்கம், கூப்பிடப்படுகிறவருக்கு அத்தனை நடையும். இதை ஜெசிந்தா பால் காய்ச்சிய அன்றே புரிந்துகொண்டாள். வீட்டுக்குள்ளேயே அவளுக்குச் செருப்புத் தேய்ந்தது. தாசன் ஹாலில் ரிமோட் கேட்டார் என்றால் அவளுக்கு அது ஒரு பகல் நடை. தண்ணீர் கேட்டார் என்றால் சொம்பில் பாதி வற்றிவிடும். "கூப்பிட்ட உடனே வந்திடுவா எங்க ஜெசி" என்று அவர் வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். கொஞ்சம் இளைத்திருக்கிறாளே என்று யாராவது கேட்டால், கடல் காற்று, என்பார்.

சாயங்கால நடைக்கு அவள் கிளம்பாமல் இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு, டால்பின்களைத் தாண்டி, உடைமுள்ளுக்குள் ஒற்றையடிப் பாதையைப் பிடித்துப் போவாள். கடலைக் கூப்பிட மாட்டாள். கூப்பிடுவதில்லை என்று சத்தியமே செய்திருந்தாள். பாதி வழியில் அந்தக் குரல் வரும், ஜெசி, கேஸ்காரன் வந்திருக்கான். அவ்வளவுதான், கால் தானாகத் திரும்பிவிடும். வந்து நிற்பாள். கேஸ்காரனும் தாசனும் வானிலை பேசிக்கொண்டிருப்பார்கள். அவள் மனதுக்குள் வைத வசவுகளைக் கேட்டிருந்தால் கான்வென்ட் சிஸ்டர்கள் கட்டிடத்தையே மறுபடி மந்திரிக்கச் சொல்லியிருப்பார்கள்.

சிலுவைத்தாழையிலிருந்து மீன் கொண்டுவருகிறவள் பிலோமி. முன்பெல்லாம் நகரத்துக்குள் கூவி விற்றவள், இப்போது பொன்மணல் நகரில் யார் மீனே என்றாலும் அந்தக் கணமே கூடையோடு வாசலில் நிற்பாள். ஒருநாள் ஜெசிந்தா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். எல்லாம் கருவாடு.

"சீலா இல்லையா பிலோமி?"

"சீலாதான் யக்கா எடுத்து வச்சேன். துள்ளிக்கிட்டு இருந்துச்சு. உங்க வாசல் வந்து சேர்றதுக்குள்ள காஞ்சு போச்சு." கூடையை இறக்கிவிட்டுப் பிலோமி தன் குதிகாலைத் திருப்பிக் காட்டினாள். வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. ஜெசிந்தா தன் காலைச் செருப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதே வெடிப்பு. பிலோமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க வீட்டுக்குள்ளதான இருக்கிய?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கேன்."

பிலோமி சிரிக்கவில்லை. உட்கார்ந்து வெற்றிலையை மடித்தாள். "எங்க ஊருக்கு வந்து பாருங்க. தெரு முனையில கெடந்த கடலு இப்போ எங்கேயோ கெடக்கு. விடியுமுன்ன கெளம்புன ஆம்பள உச்சி வெயில்ல படகாண்ட போய்ச் சேருதான். திரும்பி வர நடைக்குப் பயந்து அங்கனயே கெடக்கான். என் வீட்டுக்காரரு நேத்து வந்து நின்னா, என் சின்ன மவ யாரு மாமா நீங்கன்னு கேக்கா. கோயில் மணி அடிச்சா மறுநாள் கேக்குது. செத்தவனுக்கு அடிச்ச மணியும் கல்யாணத்துக்கு அடிச்ச மணியும் ஒண்ணா வந்து விழுது. மனு கொடுத்தோம். அளந்து பாத்தா சரியா இருக்கு, ஒங்களுக்குத்தான் நடக்கச் சோம்பலுங்கான் ஆபீசரு."

"கடல் ராத்திரி திரும்பி வருமே."

"வருது. வந்து பொணமா விழுது. எல்லாரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலையவிட்டா அதுக்கு என்ன தெம்பு இருக்கும்? மீனும் இல்ல, உப்பும் இல்ல." அவள் எழுந்து கூடையைத் தலையில் வைத்தாள். அடுத்த வீட்டுக் கேட்டில் யாரோ காரைக் கழுவுவதற்காகக் கூப்பிட்ட கடல், வெளிறிப்போய், நுரை தள்ளி, நின்றுகொண்டிருந்தது. பிலோமி அதைப் பார்த்த பார்வையில் இரக்கமும் இல்லாமல் இல்லை, அருவருப்பும் இல்லாமல் இல்லை. "கூப்பிட்டதும் வந்து நிக்குதே, அது கடலா, நாயா? ஒருநாள் வரமாட்டேன்னு சொன்னா என்னவாம்?"

அந்தக் கேள்வி கடலுக்குத்தான். ஆனால் ஜெசிந்தாவுக்குத்தான் முகம் எரிந்தது. அன்று முழுவதும், அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே நடந்த நடையெல்லாம், அவள் பிலோமியோடு மனதுக்குள் சண்டை போட்டாள். நான் என்ன செய்யட்டும், நானா கூப்பிட்டேன், நானா அட்வான்ஸ் கொடுத்தேன். பிலோமியோ காலை மட்டும் திருப்பிக் காட்டிக்கொண்டே இருந்தாள்.

கிப்சன் இரண்டாம் கட்ட மனை விற்பனையை ஆரம்பித்தான். காலை நேரத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வெளியூரிலிருந்தெல்லாம் வேன் வைத்து ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். புது ஆட்டோக்களுக்குப் புது வாசகம் பதிவாகியிருந்தது, அதில் வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிடு தூரம் என்பதும் சேர்ந்திருந்தது. வரவேற்புரைக்குச் சங்கச் செயலாளர் தன் மனைவியின் பெயரைக் கொடுத்திருந்தார். கோயிலில் பூசை நேரத்து வேத வாசகம் வாசிக்கிறவள் அவள்தான். கரண்ட் இல்லாத நாளிலும் கடைசி வரிசைக்கு அவள் குரல் போகும். பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கன்சேப்டா பிரம்பை மேசையில் தட்டித் தட்டிப் பழக்கிய குரல் அது: வாய்க்குள்ளே முனகாதே, கடைசி பெஞ்சில் ஒருத்தி தூங்குகிறாள், அவளை எழுப்பு.

"ரெண்டு நிமிஷம் பேசினா போதும் ஜெசி" என்றார் தாசன். "எல்லாமே கூப்பிடு தூரம்தான்னு நீ உன் வாயால சொல்லு. பொம்பளைக சொன்னா நம்புவாங்க."

அவள் மேடையேறினாள். பந்தலுக்கு வெளியே, விருந்தினர்களுக்குக் காட்டுவதற்காகக் காலையிலேயே கூப்பிட்டு நிறுத்தியிருந்த கடல் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பந்திக்கு மீன் வறுக்க வரவழைத்த சிலுவைத்தாழைப் பெண்கள் அடுப்புக்குப் பக்கத்தில் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பிலோமியும் இருந்தாள். ஜெசிந்தா மைக்கைப் பிடித்தாள்.

"வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்" என்றாள். "இங்கேருந்து கடல் தூரம்."

முன்வரிசை சிரித்தது, வாய் குழறிவிட்டது என்று நினைத்து.

"நடந்து போகணும். முதலில் பைபாஸ், லாரி நிற்காது, நீங்கதான் நின்னு போகணும். அப்புறம் உடங்காடு, முள் குத்தும். அப்புறம் உப்பளம், வரப்பு வழுக்கும், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, குடை கொண்டு போங்க. அப்புறம் கல்லறைத் தோட்டம். அப்புறம் சிலுவைத்தாழை, மூணு தெரு. அதுக்கப்புறம்தான் கடல். காலையில் கிளம்பினா சாயங்காலம் போய்ச் சேரலாம்."

பைபாஸ் என்று அவள் சொன்னபோது தூரத்தில் ஒரு லாரி ஹாரன் கேட்டது. உப்பளம் என்றபோது கடலுக்கும் பந்தலுக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு விரியத் தொடங்கியது. கிப்சன் ஓடிவந்து மைக் வயரைப் பிடுங்கினான். அவளுக்கு மைக் எதற்கு. அத்தனை நாளும் அந்த மண்ணின் காதில் விழுந்த குரல் ஒன்றே ஒன்றுதான், மறுத்துச் சொன்னவர்களின் குரல் வழியிலேயே களைத்து விழுந்துகொண்டிருந்தது. இப்போது சந்தேகமே இல்லாத இன்னொரு குரல், பல வருடக் கோபத்தில் காய்ச்சி இறக்கிய குரல், கடைசி பெஞ்ச் வரைக்கும் போனது, அதைத் தாண்டியும் போனது.

"பஸ் ஸ்டாண்ட் தூரம். ரெண்டு பஸ் மாறணும். ஆஸ்பத்திரி தூரம், நெஞ்சுவலின்னு கிளம்பினா வழியிலேயே போய்ச் சேர்ற தூரம். ஸ்கூல் தூரம், பிள்ளைக தூங்கித் தூங்கி வரும். மீன்காரி வீடு தூரம். அவ கால்ல நடந்துதான் வரணும், அவ இஷ்டப்பட்டா வருவா. அடுப்படியிலிருந்து ஹால் பத்தடி. அந்தப் பத்தடிய நான் நாளைக்கு அளந்து காட்டுறேன், யாரு வேணும்னாலும் எந்திரிச்சு நடந்து பார்க்கலாம்."

ஒவ்வொன்றும் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சுருண்டு கிடந்த ரோடு அவிழ்ந்து நீண்டது. மடித்து வைத்த உப்பளங்கள் பாத்தி பாத்தியாக விரிந்து வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. கடல் முதலில் புரியாமல் நின்றது, பிறகு பின்வாங்கியது; பந்தலின் பின்வரிசை நாற்காலிகளையும், விருந்தினர்கள் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளையும், வாய் கோணிய டால்பினையும் அடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் கிழக்கே ஓடியது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சிலுவைத்தாழைப் பெண்கள் அதன் பின்னாலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். அத்தனை நாள் ஏறியிருந்த தூரம் அவர்கள் காலிலிருந்து இறங்கிவிட்டிருந்தது; மான் போல ஓடினார்கள்.

"ஜெசி" என்றார் தாசன், முன்வரிசையிலிருந்து.

அதே குரல்தான். ஆனால் அது மேடைப் படிவரை வந்து, அவள் முந்தானையைக்கூடத் தொடாமல், கீழே விழுந்தது. அவள் படியிறங்கி, அந்தக் குரலைத் தாண்டி, தனியாக நின்ற டால்பினைத் தாண்டி நடந்தாள். பைபாஸில் லாரிகள் நிற்கவில்லை, அவள் நின்று போனாள். உடைமுள் சேலையைக் கிழித்தது, அவள் முள்ளைத் திட்டிக்கொண்டே போனாள்; உப்பள வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்தாள், கல்லறைத் தோட்டத்துச் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள், எத்தனையோ நடைக்குப் பிறகு, நடக்க நடக்கப் போகிற இடம் கிட்டே வந்துகொண்டிருந்த முதல் நடை அது; அந்த ஆத்திரமும் அந்த ஆனந்தமும் எது எதென்று பிரிக்க முடியாதபடி அவளுக்கு மூச்சு வாங்கியது.

வெயில் சாய்கிற நேரத்தில் தெரு முனையில் கடல் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, மணலில் மல்லாந்து, ஆனால் உப்பு வாடையோடு. பிலோமி படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அங்கேருந்து நடந்தா வாறிய யக்கா?"

"நடந்துதான் வரேன்." ஜெசிந்தா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "டீச்சர் வீடு விலை போயிடுச்சா?"

"கடலு இல்லாத கடக்கரையில எவன் வாங்குவான்? பூட்டிக் கெடக்கு. சாவி மணியடிக்கிற கோயில் பிள்ளைகிட்ட இருக்கும்."

அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். கடல் அவளை நோக்கி ஓடி வரவில்லை, அவளும் அதைக் கூப்பிடவில்லை. கணுக்கால் நனையும் வரை அவளேதான் போனாள். அப்படி நின்று வெகுநேரம் ஆனபின், உப்பளங்களுக்கு மேலாக, தேய்ந்து நைந்து, நூலாக ஒரு சத்தம் வந்து சேர்ந்தது.

"யக்கா" என்றாள் பிலோமி, காதைச் சாய்த்து. "ஒங்க வீட்டுக்காரரு கூப்பிடுதாரு."

"கேக்குது" என்றாள் ஜெசிந்தா, திரும்பாமலேயே. "நடந்து வரட்டும்."

கோயிலுக்குப் பின்னால் அந்த ஓட்டு வீட்டில் இப்போது சாயங்காலத்தில் விளக்கெரிகிறது. தாசனும் மறுநாளே கிளம்பிவிட்டார் என்கிறார்கள், காபி போடத் தெரியாத மனிதர் வேறென்ன செய்வார். குடையை மறந்துவிட்டாராம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் அவரை இன்றைக்கும் பார்க்கிறார்கள்; கையில் ஷூவோடு, சிவந்த முகத்தோடு, வரப்பு வரப்பாக நின்று, சிலுவைத்தாழைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறாராம். அவர்களும், வழி கேட்கிறவர்களிடம் அந்தப் பக்கத்து மனிதர்கள் எப்போதும் சொல்வதையே, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொல்கிறார்கள்: "இந்தா, கூப்பிடு தூரம்தான் அண்ணாச்சி."